குடும்பப் படத்தை வீட்டுத் திரையில் காண்பது எப்படி?



நம் வீடுகளில் துணி அலமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதில் பிறப்புப் பத்திரம் இருக்கும், பழைய சம்பளச் சீட்டு இருக்கும். அவற்றோடு இரண்டு மூன்று கேமரா கார்டுகளோ, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய நாடாப் பேழைகளோ கிடக்கும். மகளின் கல்யாணம், தோட்டத்துக் கோயில் தீமிதி, பாட்டியின் அறுபதாம் ஆண்டு, லயத்து வாசலில் பிள்ளைகள் ஓடி விளையாடியது என எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றை எடுத்துப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆகின்றன? பல வீடுகளில் கிடைக்கும் மறுமொழி ஒன்றே: 'கேமரா கெட்டுவிட்டது, தொலைக்காட்சியில் போட்டால் ஓடவில்லை.'

நல்ல கேமராவில் எடுத்த தெளிவான படத்தை நம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி, ஓடாவிட்டால் அதன் காரணம் என்ன, அதை அழியாமல் காப்பது எப்படி என்பதை இன்றைய பேச்சில் காண்போம். நம் குடும்பங்களுக்கு இது மற்றவர்களைவிட முக்கியமானது. நாம் பிறந்து வளர்ந்த பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது; லயம் இருந்த இடத்தில் சாலை போகிறது. நாம் அந்த இடத்துக்குத் திரும்பிப் போனாலும் காண்பதற்கு ஒன்றுமில்லை. அந்த வாசலும் அந்தக் கோயில் மரமும் அந்தச் சிறு கார்டில் மட்டுமே இருக்கலாம்.

முதலில், நம்மிடம் இருப்பது எந்த வகைப் பதிவு என்று தெரிந்துகொள்வோம்.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1978 டிசம்பர் 28இல் வந்தது. அதன்பின் வீட்டிலேயே படம் எடுக்கும் காலம் வந்தது. 1980களில் பெரிய விஎச்எஸ் நாடாவிலும், சிறிய 8 மில்லிமீட்டர் நாடாவிலும் எடுத்தார்கள். 1995இல் மினி டிவி என்ற இலக்கமுறை நாடா வந்தது. அதே அளவுள்ள நாடாவிலேயே உயர் தெளிவுப் படத்தைப் பதியும் எச்டிவி முறை 2003இல் அறிவிக்கப்பட்டது. 2006இல் சோனி, பானசோனிக் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏவிசிஎச்டி என்ற முறையைக் கொண்டுவந்தன. இதில் நாடா தேவையில்லை. கார்டிலோ கேமராவுக்குள் இருக்கும் வட்டிலோ படம் பதிவாகும். நாம் கையில் வைத்திருக்கும் கார்டு பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும்.

உயர் தெளிவு என்றால் என்ன? திரையில் தெரியும் படம் சிறுசிறு புள்ளிகளால் ஆனது. பல்லாயிரம் புள்ளிகளை நெருக்கமாக வைத்துப் போட்ட கோலம் போன்றது. பழைய முறையில் ஒரு வரிசைக்கு 720 புள்ளிகள், அப்படி 576 வரிசைகள். பெருக்கினால் 4,14,720 புள்ளிகள். உயர் தெளிவு முறையில் ஒரு வரிசைக்கு 1,920 புள்ளிகள், 1,080 வரிசைகள். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். பிள்ளைகள் வகுத்துப் பார்க்கட்டும். சரியாக ஐந்து மடங்கு வரும். பழைய படத்தில் மங்கலாகத் தெரிந்த முகம், புதிய படத்தில் நெற்றித் திருநீறு வரை தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இந்தத் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. ஒரு வினாடிக்கு 25 படங்கள் வீதம், எல்லாப் புள்ளிகளையும் அப்படியே எழுதி வைத்தால் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 560 ஜிகாபைட் இடம் வேண்டும். சின்னக் கார்டு அதைத் தாங்குமா? தாங்காது. ஆகவே கேமரா படத்தைச் சுருக்கி எழுதுகிறது. ஏவிசிஎச்டி முறையில், வினாடிக்கு 24 மெகாபிட் என்ற உயர்ந்த தரத்தில் பதிந்தால்கூட ஒரு மணி நேரத்துக்கு 11 ஜிகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே ஆகிறது. அதாவது ஐம்பதில் ஒரு பங்கு.

எப்படிச் சுருக்குகிறது? நேயர்கள் பள்ளிப் பதிவேட்டையோ கிராணியின் கணக்குப் புத்தகத்தையோ பார்த்திருப்பீர்கள். மேல்வரியில் உள்ளதே கீழ்வரியிலும் வந்தால் மீண்டும் முழுவதும் எழுதமாட்டார்கள். 'மேற்படி' என்று ஒரு குறி போடுவார்கள். கேமராவும் அதையே செய்கிறது. கோயில் கோபுரம் அசைவதில்லை, வானம் அசைவதில்லை, தீ மிதிப்பவர் மட்டும் அசைகிறார். ஆகவே முதலில் ஒரு முழுப்படத்தை எழுதிவிட்டு, அடுத்துவரும் படங்களில் மாறியதை மட்டும் எழுதி, மாறாததற்கு மேற்படி போட்டுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் ஒரு முழுப்படம். அதன்பின் மறுபடியும் மேற்படி. இப்படிச் சுருக்கும் முறைக்கு எச்.264 என்று பெயர். இது 2003இல் உலகத் தரமாக வகுக்கப்பட்டது.

எழுதுவது சுருக்கம், படிப்பதோ வேலை. மேற்படி என்ற குறியைப் படிப்பவர் மேல்வரியை நினைவில் வைத்திருக்க வேண்டும். எச்.264 முறையில் முன்னால் உள்ள வரியை மட்டுமல்ல, பின்னால் வரப்போகும் வரியையும் பார்த்தே சில படங்களை விரிக்க வேண்டும். இந்த வேலையை வினாடிக்கு 25 முறை தவறாமல் செய்தால்தான் படம் நிற்காமல் ஓடும். மிகப் பழைய கணினியில் இந்தப் படம் விட்டு விட்டு ஓடுவதற்கும், ஒலி முந்திப் படம் பிந்துவதற்கும் இதுவே காரணம். கார்டு கெட்டுவிட்டது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. படிப்பவருக்குத்தான் வேகம் போதவில்லை. இன்றைய தொலைக்காட்சிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் எச்.264ஐ விரிப்பதற்கென்றே தனிச் சில்லு வைத்திருக்கிறார்கள். அதனால் அவை சிரமமின்றி ஓட்டுகின்றன.

அப்படியானால் புதிய தொலைக்காட்சியிலும் சில சமயம் 'இந்தக் கோப்பை ஓட்ட இயலாது' என்று வருகிறதே, அது ஏன்?

இதற்கு டிபன் கேரியரை நினைத்துக்கொள்வோம். கேரியர் என்பது பாத்திரம். உள்ளே ஒரு தட்டில் சோறு, ஒரு தட்டில் கறி. வீடியோக் கோப்பும் அப்படியே. வெளியே ஒரு பாத்திரம்; உள்ளே ஒரு தட்டில் படம், மற்றொரு தட்டில் ஒலி. ஏவிசிஎச்டி கேமராவின் பாத்திரத்துக்குப் பெயர் எம்டிஎஸ். உள்ளே படம் எச்.264, ஒலி பெரும்பாலும் டால்பி டிஜிட்டல். ஓட்டும் கருவி மூன்றையும் அறிந்திருக்க வேண்டும். பாத்திரத்தைத் திறக்கத் தெரியாவிட்டால் கோப்பே பட்டியலில் தெரியாது. படத்தை விரிக்கத் தெரியாவிட்டால் ஒலி மட்டும் கேட்டு, திரை கறுப்பாக இருக்கும். ஒலியை விரிக்கத் தெரியாவிட்டால் படம் ஓடும், ஆனால் நாதஸ்வரம் கேட்காது. இந்த மூன்றில் எது நேர்கிறது என்று கவனித்தாலே குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

பாத்திரம் மட்டும்தான் இடைஞ்சல் என்றால், உள்ளே இருப்பதை எடுத்து எம்கேவி அல்லது எம்பி4 என்ற வேறு பாத்திரத்தில் மாற்றி வைத்துக்கொள்ளலாம். சோற்றை மறுபடி வேகவைக்க வேண்டியதில்லை, தரமும் குறையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் கடைகளில் பெரும்பாலும் செய்து தருவது இதுவன்று. படத்தையே மறுபடி விரித்து மறுபடி சுருக்கித் தருகிறார்கள். அதாவது மறுசமையல். ஒவ்வொரு மறுசமையலிலும் தெளிவு கொஞ்சம் போய்விடும். போனது திரும்பி வராது. ஆகவே கடைக்குக் கொடுத்தால், மூலக் கோப்பை அப்படியே திருப்பித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

இனி, செய்ய வேண்டிய முறையை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் வேலை, கார்டைப் பாதுகாப்பது. எஸ்டி கார்டின் பக்கவாட்டில் நகக்கண் அளவில் ஒரு சிறு தாழ்ப்பாள் உண்டு. அதைப் பூட்டுப் பக்கம் தள்ளிவிடுங்கள். அதன்பின் கணினியோ வேறு கருவியோ தவறுதலாக எதையும் அழிக்கவோ மேலே எழுதவோ இயலாது.

இரண்டாம் வேலை, படியெடுப்பது. கார்டைக் கணினியில் செருகினால் பிரைவேட், ஏவிசிஎச்டி, பிடிஎம்வி, ஸ்ட்ரீம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக உறைகள் இருக்கும். படம் கடைசி உறையான ஸ்ட்ரீமில் உள்ளது. 'படம் இங்கேதான் இருக்கிறது, மற்றது எதற்கு?' என்று அதை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை எறிந்துவிடக் கூடாது. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வரவேண்டும் என்ற குறிப்பு மற்ற உறைகளில் இருக்கிறது. பல கேமராக்கள் நீண்ட பதிவை 2 அல்லது 4 ஜிகாபைட்டுக்கு ஒரு துண்டாக வெட்டி எழுதுகின்றன. கார்டின் எழுத்துமுறைக்கு ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற எல்லை இருப்பதே காரணம். உயர்ந்த தரத்தில் அது 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். தாலி கட்டும் நேரத்தில் துண்டு மாறியிருந்தால், குறிப்பு இல்லாத நிலையில் அந்த இடத்தில் ஒரு கணம் ஒலி அறுபடலாம். ஆகவே கார்டில் உள்ளது முழுவதையும் அப்படியே ஒரே உறையாகப் படியெடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கேமரா தன் கோப்புகளுக்கு 00000, 00001 என்று எண்ணைத்தான் பெயராக வைக்கிறது. புதிய கார்டு போட்டால் மறுபடியும் 00000 என்று தொடங்கும் கேமராக்கள் உண்டு. கல்யாணக் கார்டிலும் 00000 இருக்கும். தீமிதிக் கார்டிலும் 00000 இருக்கும். இரண்டையும் ஒரே உறையில் கொட்டினால், பின்னது முன்னதை அழித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். 'ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா?' என்று கணினி கேட்கும்போது, அவசரத்தில் 'சரி' என்று அழுத்திவிடுவோம், கல்யாணம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு கார்டுக்கும் தனி உறை. அதன் பெயரில் ஆண்டு, மாதம், நிகழ்ச்சி. '2009-05 தீமிதி' என்பதுபோல் எழுதினால் உறைகள் தாமாகவே ஆண்டு வரிசையில் நிற்கும்.

நாடாவில் உள்ளவர்கள் காலம் தாழ்த்தவே கூடாது. நாடாவைப் படிக்க நாடாக் கேமராவே வேண்டும். அது ஓடும் நிலையில் இருக்க வேண்டும். ஒரு மணி நேர நாடாவைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் பிடிக்கும். ஃபயர்வயர் என்ற தனி வடமும் தேவை. புதிய கணினிகளில் அதற்கான துளை இருப்பதில்லை. விஎச்எஸ் நாடா ஓட்டும் கருவியைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. நாடா நன்றாக இருந்தாலும், ஓட்டும் கருவி இல்லாவிட்டால் அது வெறும் பிளாஸ்டிக்தான்.

மூன்றாம் வேலை, பார்ப்பது. இதற்கு மூன்று வழிகள் உண்டு. செலவு இல்லாத வழியிலிருந்து தொடங்குவோம்.

கேமரா இன்னும் ஓடுமானால் எச்டிஎம்ஐ வடத்தால் கேமராவையே தொலைக்காட்சியோடு இணைத்துவிடலாம். கேமரா தான் எழுதியதைத் தானே படிக்கும். எந்தத் தடையும் வராது. கேமராப் பக்கத்தில் பெரும்பாலும் சிறிய துளை இருக்கும் என்பதால், ஒரு முனை சிறிதாக உள்ள வடத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது வழி, கோப்புகளை ஒரு பெண்டிரைவில் போட்டுத் தொலைக்காட்சியின் யுஎஸ்பி துளையில் செருகுவது. பல தொலைக்காட்சிகள் எம்டிஎஸ் கோப்பை நேரடியாகவே ஓட்டிவிடும். ஓடினால் வேறெதுவும் வாங்க வேண்டாம்.

அது முடியாதபோது மூன்றாவது வழி: வீட்டு ஊடக நிலையம், அதாவது மீடியா சென்டர். பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் எளிது. தொலைக்காட்சியோடு இணைந்த ஒரு சிறு கணினி. அதில் படங்களைச் சேமிக்கும் ஒரு வட்டு. படங்களைப் பட்டியலிட்டு ஓட்டும் ஒரு நிரல். பிள்ளைகள் பயன்படுத்தி ஒதுக்கிய மடிக்கணினியே போதும், அது மிகப் பழையதாக இல்லாவிட்டால். உள்ளங்கை அளவுள்ள ராஸ்பெரி பை என்ற கணினி 2012இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்தது. அதன் முதல் மாதிரியே எச்.264 உயர் தெளிவுப் படத்தை விரிக்கும் சில்லோடு வந்தது. நிரல்களில் கோடி என்பது பலர் அறிந்தது. முதலில் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்ட இது, 2014இல் இந்தப் பெயரைப் பெற்றது, இலவசம். கணினியில் ஓட்டுவதற்கு விஎல்சி என்ற நிரலும் இலவசம். இவ்விரண்டும் எம்டிஎஸ் பாத்திரத்தையும் திறக்கும், படத்தையும் விரிக்கும், ஒலியையும் தரும்.

படம் போய்ச் சேரும் வழியையும் கவனிக்க வேண்டும். நம் படத்துக்கு வினாடிக்கு 24 மெகாபிட் தேவை. யுஎஸ்பி 2 வழியின் கொள்ளளவு 480 மெகாபிட். சாதாரண இணைய வடத்தின் கொள்ளளவு 100 மெகாபிட். இரண்டும் தாராளம். ஆனால் கம்பியில்லா இணைப்பு இரண்டு சுவர்களைத் தாண்டி வரும்போது மெலிந்துவிடும். அப்போது படம் நின்று நின்று ஓடும். வடத்தைப் போட்டால் சரியாகிவிடும்.

படம் ஓடுகிறது, ஆனால் ஓடும் பிள்ளையின் ஓரங்களில் சீப்புப் பற்களைப்போல் கோடுகள் தெரிகின்றன என்று சிலர் சொல்வார்கள். இதுவும் கேமராவின் குறையன்று. பால் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது நமக்குத் தெரியும். இன்று ஒரு பாதி மரங்கள், நாளை மறுபாதி. பல கேமராக்களும் படத்தை அப்படித்தான் எடுத்தன: முதலில் ஒற்றைப்படை வரிசைகள், அடுத்த கணத்தில் இரட்டைப்படை வரிசைகள். வினாடிக்கு 50 அரைப் படங்கள். பழைய குழாய்த் தொலைக்காட்சி அதே முறையில் வரைந்ததால் வேறுபாடு தெரியவில்லை. இன்றைய தட்டைத் திரை எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் காட்டுகிறது. இரண்டு அரைப் படங்களுக்கும் இடையே பிள்ளை ஓர் அங்குலம் நகர்ந்துவிட்டான். அந்த நகர்வுதான் சீப்புப் பல்லாகத் தெரிகிறது. விஎல்சியிலும் கோடியிலும் 'டீஇன்டர்லேஸ்' என்ற ஏற்பாடு உண்டு. அதை இயக்கினால் வரிசைகள் ஒழுங்காகிவிடும். கோப்பை மாற்ற வேண்டியதில்லை.

நான்காம் வேலை, காப்பது. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நின்றுவிடும். அது என்றைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. பெண்டிரைவையும் கார்டையும் பல ஆண்டுகள் சும்மா போட்டு வைத்தால் அவற்றில் உள்ள பதிவு மெல்ல மெல்லக் கலையும். ஆகவே அறிந்தவர்கள் சொல்லும் விதி: மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு வீட்டில். வீட்டில் ஒரு டிஸ்க், மகன் வீட்டில் ஒரு டிஸ்க், மூலக் கார்டு பிஸ்கட் டின்னில் என்றால் போதும். வெள்ளம் வந்தாலும் தீப்பிடித்தாலும் ஒன்று மிஞ்சும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது, எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

'வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டோமே, அது போதாதா?' என்று கேட்கலாம். போதாது. அப்படிச் சாதாரணமாக அனுப்பும்போது படம் மிகவும் சுருக்கப்படுகிறது. கைத்தொலைபேசியில் நன்றாகத் தெரியும். பெரிய திரையில் போட்டால் பாட்டியின் முகம் பனியில் நிற்பதுபோல் இருக்கும். உறவினருக்குக் காட்டுவதற்கு அது சரி. காத்து வைப்பதற்கு அது ஆகாது.

கடைசியாக, எந்தக் கருவியாலும் செய்ய முடியாத ஒரு வேலை இருக்கிறது. படம் ஓடும், ஆனால் படத்தில் இருப்பவர் யார்? தீச்சட்டி ஏந்தி வருபவர் யாருடைய மகன்? பந்தலில் பரிமாறும் அந்த அம்மா எந்த லயம்? பக்கத்தில் நிற்கும் கட்டடம் ஆயாக் கொட்டகையா, பழைய பள்ளியா? இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் நம்மோடு இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அவர்களைத் திரைமுன் உட்கார வைத்துப் படத்தை ஓட்டுங்கள். அவர்கள் கைகாட்டிப் பேசத் தொடங்கும்போது நிறுத்துங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்து, பெயரையும் ஊரையும் எழுதட்டும். 'பன்னிரண்டாவது நிமிடம்: சின்னத் தாத்தா, மண்டோர் வேலை பார்த்தவர்' என்று ஒரு வரி போதும். பிள்ளைக்கு அது தமிழ்ப் பயிற்சியும் ஆகும். குடும்பத்துக்கு வரலாறும் ஆகும். அந்த நோட்டைப் படம் பிடித்து, அதே உறையில் சேர்த்து வையுங்கள்.

இன்று சொன்னவற்றைச் சுருக்கிச் சொன்னால்: கார்டைப் பூட்டுங்கள், முழுவதையும் தனித்தனி உறையில் படியெடுங்கள், கேமரா, தொலைக்காட்சி, ஊடக நிலையம் என்ற வரிசையில் ஓட்டிப் பாருங்கள், மூலத்தை மாற்றாதீர்கள், மூன்று பிரதிகள் வையுங்கள், பெரியவர்களிடம் கேட்டுப் பெயர்களை எழுதுங்கள். இவற்றில் எதற்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லை. நம் பிள்ளைகளுக்குக் கருவிகள் தெரியும். நம் பெரியவர்களுக்கு மனிதர்களைத் தெரியும். இருவரையும் ஒரே திரைமுன் உட்கார வைப்பது நம் பொறுப்பு. அலமாரியின் மேல்தட்டில் உள்ள அந்த டின்னை இந்த வாரமே கீழே இறக்குங்கள்.